பதினொரு நாளும் நாலு

கோடைக்கு முன்னால் நடக்கும் பண்ணை மேற்பார்வையாளர் கூட்டத்தில் என்னை இருபது நிமிடம் பேசச் சொன்னீர்கள். பதினேழாவது நிமிடத்தில் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. இருந்த நாற்பத்திரண்டு பேரில் பாதிப்பேரின் கண் வாசல் பக்கம் போனதைப் பார்த்தேன். அதில் குற்றமில்லை, பசி நேரம். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் மீதி மூன்று நிமிடத்தில்தான் இருந்தது. அதனால் எழுதித் தருகிறேன். மூன்று நிமிடத்தைவிடக் கூடுதலாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டைக் கோழி வளர்ப்பில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஷெட்டுக்குள் எத்தனை டிகிரி என்று இப்போது உங்கள் கைபேசியே சொல்கிறது. நான் முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளனாகப் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழியைக் கையால் தடவிச் சூடு பார்த்தவன். ஓய்வு பெறும்போது என் பொறுப்பில் நாற்பத்தாறு பண்ணைகள் இருந்தன. தினமும் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியை எடுப்பேன். வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது.

"எத்தனைங்க?"

"ஏழுங்க சார்."

அவ்வளவுதான் பேச்சு. நேற்றிலிருந்து இன்று காலைவரை எத்தனை கோழி செத்தது என்பது கேள்வி. ஏழு என்பது பதில். அடுத்த எண்ணுக்கு அடித்துவிடுவேன். இதைப் பெரிய சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன்.

நம் தொழிலில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பாடு உண்டு. பங்குனி, சித்திரையில் வெயில். ஆடியில் காற்று. புரட்டாசியில் பாதி ஊர் முட்டையைத் தொடாது. ஐப்பசியில் தீவனத்தில் ஈரம் ஏறும். கார்த்திகையில் மாலை போட்டுவிடுவார்கள். மார்கழியில் பொழுது சுருங்கினால் முட்டையும் குறையும் என்று விடியுமுன்னே பல்பு எரியவிடுவோம். எந்தப் பருவத்தில் கோழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று நானே ஒரு கையேடு தயாரித்தேன். பதினான்கு பக்கம். அதில் மனிதனைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: 'பணியாளர்கள் சுத்தமான உடை அணிய வேண்டும்.'

அதே கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு விதியைக் கட்டம் போட்டு அச்சடித்திருந்தேன். ஒரு பண்ணைக்காரர் இன்னொருவர் பண்ணைக்குள் கால் வைக்கக் கூடாது. நோய் பரவும். இந்த விதி சரியானதுதான், இன்றும் சரிதான். ஆனால் அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கோடையில் காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் கேட்டைச் சாத்திக்கொண்டு, தன் கோழிகளோடு, தன் பயத்தோடு தனியாக இருக்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரரை வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்துப் பார்ப்பதோடு சரி. இதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

இனி நல்லசிவத்தைப் பற்றி.

திருச்செங்கோட்டுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் அவர் பண்ணை. மூன்று ஷெட், பதினெட்டாயிரம் கோழி. நல்லசிவம், மனைவி கண்ணம்மாள், வேலைக்கு ஒரு புருஷன் பெண்சாதி. மகள் கோயம்புத்தூரில் வேலை. நல்லசிவம் வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். நான் சேலத்திலிருந்து டிபன் பாக்ஸோடு போவேன். "ஏனுங்க சார், பாக்ஸுல எத்தனை இட்டிலின்னு எண்ணிப் போட்டுத்தான் அம்மா அனுப்புவாங்களா?" என்பார். ஐந்து, எண்ணித்தான் போடுவாள் என்பேன். சிரிப்பார்.

ஒரு சித்திரையில் அவர் மச்சான் வீட்டில் காது குத்து. தாய்மாமன் அவர்தான், போகாமல் இருக்க முடியாது. காலையில் போனவர் மதியம் மூன்று மணிக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டே காலுக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. கூரைமேல் தெளிக்கும் குழாய்கள் நின்றன. கண்ணம்மாளும் வேலையாட்களும் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். பதினெட்டாயிரம் கோழிக்கு மூன்று பேர் எத்தனை குடம் ஊற்ற முடியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. நல்லசிவம் பட்டுச் சட்டையோடு ஷெட்டில் நின்றிருந்தார். செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். படிவத்தில் எழுத எண்ணிக்கை வேண்டும். நான் வாய்விட்டு எண்ணினேன். அப்படித்தான் எனக்குப் பழக்கம். அறுநூற்று நாற்பது என்ற இடத்தில் நல்லசிவம் சொன்னார்:

"போதுமுங்க சார். எண்ணாதீங்க."

"படிவத்துக்கு வேணுமுங்க," என்றேன். தொடர்ந்து எண்ணினேன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கையில் பிழை இல்லை. வேறு பிழை இருந்தது, அது அப்போது எனக்குத் தெரியவில்லை. மனதுக்குள் எண்ணியிருக்கலாம். அதற்கு எந்தச் செலவும் இல்லை.

பக்கத்துப் பண்ணைச் சண்முகம் டீக்கடையில் சொன்னதாக ஒரு பேச்சு ஊரில் உலவியது. "மாப்ள ஊருக்குக் காது குத்தப் போனாப்ல, இங்க கோழியெல்லாம் மேலோகம் போயிருச்சு." சண்முகமும் நல்லசிவமும் பங்காளிகள் அல்ல, மாமன் மச்சான் முறை. கேலி செய்ய உரிமை உண்டு. கேட்டவர்கள் சிரித்தார்கள். நல்லசிவமும் சிரித்தார் என்றுதான் சொன்னார்கள்.

ஆடியில் காற்று அடித்தது, வெயில் தணிந்தது. புதிய மோட்டார் வந்தது, அதற்குத் துணையாக இன்னொரு மோட்டாரும் வந்தது. ஐப்பசியில் நல்லசிவம் மறுபடி என் இட்டிலியைப் பற்றிக் கேட்டார். சரி, ஆள் தேறிவிட்டார் என்று எழுதாத ஒரு கணக்கை மனதுக்குள் முடித்துவிட்டேன்.

அடுத்த மாசி பிறந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை, காலையில் போர்வை தேவைப்பட்டது. நல்லசிவத்திடமிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. இன்றைக்கு எத்தனை டிகிரி போகும்? மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிடலாமா? கரண்டு ஆபீசில் கேட்டீர்களா? முதலில் ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு, பிறகு ஐந்து. மாசிக் கடைசியில் ஒரே நாளில் ஒன்பது. எனக்கு எரிச்சலாக வந்தது. "எல்லாம் சரியா இருக்குதுங்க நல்லசிவம், சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க," என்று ஒருமுறை கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

பங்குனி நடுவில் அழைப்புகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. சித்திரை முதல் வாரத்தில் ஒன்றுகூட இல்லை. காலை ஏழு மணிக்கு நான் கூப்பிட்டால் எடுப்பார். எத்தனைங்க? நாலுங்க. அவ்வளவுதான். அப்பாடா என்றிருந்தது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒன்பதை எண்ணியவன் நான். பூஜ்யத்தையும் எண்ணியவன் நானே. பயந்துபோன ஒரு மனிதர் கேட்பதையே நிறுத்திவிட்டார் என்றால் ஒன்று பயம் போயிருக்க வேண்டும், அல்லது கேட்டுப் பயனில்லை என்ற இடத்துக்கு அவர் வந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. என் காதுக்கு நிம்மதி கிடைத்தது, அதை அவருடைய நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் மற்ற பண்ணைகளில் இருபது, முப்பது என்று சாவு ஏறிக்கொண்டிருந்தது. நல்லசிவம் பண்ணைக்குப் போனேன். அவர் கேட்டருகே தினக்கணக்கு நோட்டை நீட்டினார், நான் பைக்கிலிருந்து இறங்காமலே வாங்கிப் பார்த்தேன். பதினொரு நாளும் நாலு. தீவனமும் தண்ணீரும்கூடச் சீராக இருந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பண்ணைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'கோடையை எப்படிக் கையாள வேண்டும் என்று இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் வந்தன. நல்லசிவம் ஒன்றும் போடவில்லை. அடக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நாமக்கல்லில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். ஆத்தூர்ப் பக்கம், என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர். எனக்குத் தொழிலில் யாரையாவது குரு என்று சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன். செத்த கோழியை அறுத்துக் காரணம் சொல்வது அவர் வேலை. கையில் உறையோடு, கைபேசியை நான் பிடித்துக் காட்ட, அந்தப் பக்கத்தைப் பார்த்தார். என் முகத்தில் இருந்த பெருமை அவர் முகத்தில் வரவில்லை.

"சார், இந்தப் பதினொரு நாள்ல வெயில் எவ்வளவு ஏறுச்சு?"

"முப்பத்தேழுல இருந்து நாப்பத்தொண்ணு."

"நாலு டிகிரி ஏறியிருக்கு. கோழி தீவனத்தைக் குறைக்கவே இல்லையா? தண்ணி அதிகமாக் குடிக்கலையா?"

நான் மறுபடி பார்த்தேன். தீவனம் பதினொரு நாளும் ஒரே எண். தண்ணீரும் ஒரே எண்.

"எந்த ஷெட்லயும் சாவு இப்படி வராது சார். ரெண்டு வரும், ஒன்பது வரும், அஞ்சு வரும். இது கோழியைப் பாத்து எழுதுன கணக்கு இல்ல. உள்ள போகாம யாரோ எழுதுறது." கையுறையைக் கழற்றினார். "எல்லாத்தையும் எண்ணுவீங்களே, இது எப்படித் தப்புச்சு? அவர்கிட்ட கடைசியா எப்ப பேசினீங்க?"

"நேத்து நேர்லதான்."

"என்ன பேசினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். நோட்டை வாங்கியபோது 'கொடுங்க' என்றேன். திருப்பிக் கொடுத்தபோது 'பிரமாதம்' என்றேன். இரண்டு சொல்.

"இப்பவே போங்க சார்," என்றார். "போய் கோழியைப் பாக்காதீங்க. அவரைப் பாருங்க."

பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணம்மாள் நனைத்த சாக்கை ஷெட்டின் ஓரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவரு எங்கீங்க?"

"குடோன்ல உக்காந்திருக்கறாருங்க." சாக்கின் முடிச்சை இறுக்கினார். பிறகு, நான் கேட்காமலே வந்தது. "ஷெட்டுக்குள்ள வர்றதே இல்லீங்க சார். படி வரைக்கும் வாராரு, நிக்கறாரு, திரும்பிப் போயிடறாரு. நாந்தான் பொறுக்கி எடுக்கறேன். பதினாலுங்கறேன், பத்தொம்பதுங்கறேன். சரின்னு கேட்டுக்கிட்டு நாலுன்னு எழுதறாரு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே."

"பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கறமுங்க. அப்பனுக்கு மனசு சரியில்லேன்னா ஊருல என்ன பேசுவாங்க." பிறகு, குற்றம் சொல்லாத குரலில்: "நேத்து நீங்க அந்தக் குரூப்புல போட்டீங்களே, அதப் பாத்ததுல இருந்து ஒரு வாய் சோறு உங்கலீங்க."

அந்த முப்பத்தெட்டுக் கட்டைவிரல்களும் என் கழுத்தில் இருந்ததுபோல் இருந்தது.

குடோனில் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே நல்லசிவம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பத்து நாள் தாடி. நேற்றும் அந்தத் தாடி இருந்திருக்கும். நான் எழுந்திருங்க, தைரியமா இருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். மாசியிலும் அதைத்தான் சொன்னேன், என்ன ஆயிற்று என்று தோன்றியது. எதிரே ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். அதையே கேட்டேன்.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"ஒரு மணி நேரம் வருமுங்க. கண்ண மூடுனா நீங்க எண்ணறது கேக்குது சார்."

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம். ஆனால் கேட்காமல் எழுந்து போகவும் கால் வரவில்லை.

"நல்லசிவம், உசுரை விட்டுடலாம்னு தோணுதுங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"மூணு தடவ தோணுச்சுங்க."

சொன்னதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. கேட்டால் விதைத்ததாக ஆகாது, கேட்டால் இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும் என்று பிறகு மனநல மருத்துவர் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாமல் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

"வாங்க, டாக்டர்கிட்ட போலாம்," என்றேன்.

"நான் வரமாட்டேனுங்க. நான் கேட்டைத் தாண்டுனா கரண்டு போயிருமுங்க சார்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஷெட்டுக்குள் போக முடியாது, ஷெட்டை விட்டும் போக முடியாது. அந்தப் படிக்கும் குடோனுக்கும் நடுவே பதினொரு நாளாக இருந்திருக்கிறார். மணி பதினொன்று நாற்பது. வெளியே அனல். கண்ணம்மாள் அவரோடு வந்தாக வேண்டும், தனியாக அனுப்ப முடியாது. அப்படியென்றால் இந்தக் கோழிகளை யார் பார்ப்பது? வேலையாட்கள் இருவரால் ஆகாது. உண்மையைச் சொல்கிறேன், என் மனம் முதலில் கோழிப் பக்கம்தான் போனது. சாயங்காலம் வெயில் தணிந்ததும் கூட்டிப் போகலாமே என்று ஒரு குரல் நியாயமாகப் பேசியது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "சாயங்காலம் வரைக்கும் அவர் இருப்பாருன்னு உங்களால கையெழுத்துப் போட முடியுமா சார்?"

முடியாது.

வேலி ஓரம் போய்ச் சண்முகத்தைக் கூப்பிட்டேன். சுருக்கமாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"டீக்கடையில வெளையாட்டுக்குச் சொன்னதுங்க சார். அத மனசுல வெச்சுக்கிட்டாப்லயா?"

"அது மட்டும் இல்லீங்க. அதெல்லாம் அப்பறம் பேசலாம். நீங்க இந்த ஷெட்டைப் பாக்கணும்."

"உள்ளயா?" என்றார். நான் எழுதிய மூன்றாம் பக்கம் அவருக்கு மனப்பாடம். வந்துவிட்டுப் போனால் இரண்டு நாளைக்குத் தன் ஷெட்டுக்குள் அவர் நுழைய முடியாது. அவருக்கும் பதினாறாயிரம் கோழி, அதே வெயில். ஒரு கணம்தான் யோசித்தார். திரும்பித் தன் மனைவியைப் பார்த்து, "ரெண்டு நாளைக்கு நம்முளத நீயும் ஆளுங்களும் பாத்துக்கோணும்," என்று கத்திவிட்டு, கார்ச் சாவியை வேலிக்கு மேலாக என்னிடம் எறிந்தார்.

சண்முகம் இந்தப் பக்கம் வந்து தொட்டியில் தலையோடு குளித்தார். தன் உடையை வெளியே விட்டுவிட்டு நல்லசிவத்தின் லுங்கியையும் செருப்பையும் போட்டுக்கொண்டார். கேட்டருகே தயங்கி நின்ற நல்லசிவத்திடம் ஈரத்தலையோடு வந்து நின்றார்.

"மாப்ள, உன்ற லுங்கி எனக்குப் பத்தல. சீக்கரம் வந்து வாங்கிக்க. நெம்ப நேரம் என்னால மானத்தக் காப்பாத்த முடியாது."

நல்லசிவம் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டினார்.

கார் ஓட்ட எனக்குத் தெரியும், ஐந்து வருடத்தில் மூன்று முறை ஓட்டியிருந்தேன். நல்லசிவம் முன்னால், கண்ணம்மாள் பின்னால். "கரண்டு இருக்குதான்னு கேளுங்க," என்றார் நல்லசிவம். கண்ணம்மாள் சண்முகத்துக்குப் போன் செய்தார். இருக்குது. ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி. இருக்குது. பத்து முறை கேட்டார், பத்து முறையும் சண்முகம் எடுத்து, சலிக்காமல் "இருக்குது மாப்ள" என்றார். மாசியில் என்னால் ஒன்பதைத் தாங்க முடியவில்லை.

பதினொன்றாவது அழைப்பை அவர் எடுக்கவில்லை.

மறுபடி அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது. நல்லசிவத்தின் கை கதவுப் பிடிக்குப் போனது. காரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கியிருந்தால் அவர் வந்த வழியே ஓடியிருப்பார். "சொன்னனல்லங்க சார்," என்றார் மெதுவாக. "சொன்னனல்ல." திருப்பிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. கை கியரின் மேல் இருந்தது. பின்னிருந்து கண்ணம்மாள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "கோழி போனாப் போவட்டுமுங்க. போவட்டும். நீங்க உக்காருங்க," என்றார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. பதினொரு நாளாகச் செத்த கோழிகளைத் தனியாகப் பொறுக்கியவர் சொல்லும் குரல் அது.

நான் கியரிலிருந்து கையை எடுத்தேன். காத்திருந்தோம். நான்கு நிமிடம்.

போன் அடித்தது. நான் வாங்கிப் பேசினேன்.

"கரண்டு போயிருச்சுங்க சார்," மூச்சிரைத்தது சண்முகத்துக்கு. "ஜெனரேட்டரப் போட்டு, மோட்டாரத் திருப்பிவுட்டுட்டு வரேன். தண்ணி அடிக்குது. மாப்ளகிட்டக் குடுங்க. டேய் மாப்ள, இதக் கேளு."

போனை ஜெனரேட்டர் பக்கத்தில் பிடித்திருக்கிறார். நல்லசிவம் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்தில் இருந்த எனக்கே அந்த இரைச்சல் கேட்டது. அவர் பயந்ததுபோலவே கரண்டு போனது. அவர் அங்கே இல்லை. கோழிகள் நனைந்துகொண்டிருந்தன. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கேட்டிருப்பார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கண்ணம்மாள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் எதையும் எண்ணவில்லை.

மறுபடி கிளம்பினோம். நாமக்கல் எல்லை வந்தபோது நல்லசிவம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க சார், இந்த வண்டிக்கு மூணாவது கியரும் இருக்குதுங்க."

மனநல மருத்துவர் ஒரு மணி நேரம் கேட்டார். தூக்கம் முதலில் வர வேண்டும் என்று மாத்திரை கொடுத்தார். மனம் தேற மூன்று நான்கு வாரம் ஆகலாம், அதுவரை அவரைத் தனியாக விடக் கூடாது, வாரம் ஒருமுறை வர வேண்டும் என்றார். இது கோழை மனசு அல்ல, ஒரு வெயிலில் பட்ட அடி அடுத்த வெயில் வரும்போது வலிக்கிறது என்று கண்ணம்மாளிடம் விளக்கினார்.

ஐந்து மணிக்குத் திரும்பினோம். சண்முகம் கேட்டருகே லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லசிவம் அவரைப் பார்த்து, பல நாளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை மாப்ள?"

"இருவத்தி மூணு."

நல்லசிவம் நோட்டை வாங்கி 23 என்று எழுதினார். எண் கோணலாக விழுந்தது. முப்பத்தொரு வருடத்தில் அப்படியொரு எண்ணைப் பார்த்து நான் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான்.

கதை அன்றோடு முடியவில்லை. ஆவணியில் மழை வந்ததும் நன்றாக இருக்கிறது என்று நல்லசிவம் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டார். மருத்துவர் கடிந்துகொண்டார். அடுத்த தை மாதமே, வெயில் தொடங்குமுன், மருத்துவரைப் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. கோடையில் பதினொன்று முதல் நாலு வரை சண்முகமும் நல்லசிவமும் மணிக்கு ஒருமுறை போனில் பேசிக்கொள்வது என்று இன்னொரு ஏற்பாடு. போனில் நோய் பரவாது. கையேட்டில் பதினைந்தாம் பக்கம் ஒன்று சேர்த்தேன். அதில் மனிதருக்கான கேள்விகள் மூன்று இருக்கின்றன. தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, இன்றைக்கு யாரோடு பேசினீர்கள். பண்ணைக்குப் போனால் வண்டியை விட்டு இறங்குங்கள். இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு நோட்டைத் திறங்கள். எண்கள் மோசமாக இருந்தால் உதவி செய்யலாம். எண்கள் அசையாமல் இருந்தால், அப்போதுதான் நீங்கள் பயப்பட வேண்டும்.

எனக்கும் ஒரு பருவம் உண்டு. என் மனைவி இறந்தது கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால். மார்கழி பிறந்தால் வீட்டில் நட்சத்திரம் கட்ட மனம் வருவதில்லை. இரண்டு வருடம் முன்பு நல்லசிவத்திடம் ஏதோ பேச்சில் இதைச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. வணக்கம் கிடையாது.

"எத்தனைங்க சார்?"

எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்பது கேள்வி. "மூணு," என்றேன். அன்று மதியம் கண்ணம்மாள் ஆக்கிய சோற்றோடு நல்லசிவம் அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். ஏணி போட்டு நட்சத்திரத்தையும் அவரே கட்டினார்.

அதிலிருந்து மார்கழியில் அவர் என்னைக் கூப்பிடுகிறார். மாசி பிறந்ததும் நான் அவரைக் கூப்பிடுகிறேன். இந்த மாசியில் முந்தாநாள் ஆறு என்றார். நேற்றும் ஆறு. இன்று காலையும் ஆறு.

"மறுபடியும் ஆறுங்களா?" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நெசமாலுமே ஆறுதானுங்க சார். மூணு நாளும் ஆறு. இதுக்கு நான் என்ன பண்ணட்டும், நாளைக்கு ஒரு மணி நேரம் முழிச்சுக் கெடக்கட்டுமா? சந்தேகமா இருந்தா பஸ் ஏறி வாங்க. சோறாக்கச் சொல்றேன்."

பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாற வேண்டும். பன்னிரண்டரைக்குக் கேட்டருகே போய்ச் சேர்ந்தபோது நல்லசிவம் ஷெட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு செத்த கோழி, சட்டையெல்லாம் ஈரம். அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்கின முகம்தான். ஆறு சரி.